பகல் குளிசை

இன்று பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி மணந்ததும் என் மனம் துள்ளியது. உடனே சந்தேகமும் வந்தது.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருடம், கண்டக்குழியில், வாப்பா நோன்புக்காகப் பகல் குளிசையை நிறுத்தினார். மனம் ஏறியிறங்கும் நோய்க்கான குளிசை அது. ஒரு வாரத்தில் தூக்கம் போனது. தோணிக்கு ஒரே நாளில் மூன்று நிறம் மாற்றிப் பூசினார். தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் பட்டம் கட்டினார். எனக்குப் பெருநாள் முன்கூட்டியே வந்த மாதிரி இருந்தது. உம்மா மட்டும் அவருடைய சிரிப்பையே உற்றுப் பார்த்தா.

"டொக்டர்ட கேட்டீங்களா?"

"எல்லாம் நோன்புட பறக்கத்து, அல்லாஹ்ட அருள்," என்றார் வாப்பா.

பெருநாளன்று அவர் பாயை விட்டு எழவில்லை. உடுத்த வாங்கிய புதுச் சாரன் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

இன்று அதே நோய் எனக்கு. குளிசைப் பெட்டியைத் திறந்தேன். இன்றைய அறை காலி.

"போட்டுட்டீங்கதானே? அப்ப இது வெறும் சந்தோசந்தான்," என்றார் கணவர்.

ஓம் என்றேன். அவர் திரும்பியதும் மறுபடி திறந்து பார்த்தேன்.