தெலுங்கு பேசிய விண்வெளிப் போலீஸ்

ஒசாகாவில் ஒரு போலீஸ்காரர் ஜப்பானிய மொழியில் வழி சொன்னால் எனக்கு இன்னும் ஒரு கணம் திக்கென்கிறது. இவர் தெலுங்கு அல்லவா பேச வேண்டும்! முதியோர் இல்ல வேலைக்கு வந்து ஆறு வருடமாகியும் இந்தப் பித்து தெளியவில்லை. எல்லாம் என் அப்பா, நைனா, செய்த வேலை.

நைனா சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். நான் சிறுமியாக இருந்தபோது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் சிடிக்களை வாங்கி வந்தார். ஓட்டை விண்கலத்தில் கோள் கோளாக அலையும் நாலைந்து பேரின் கதை. பேச்சு ஜப்பானிய மொழி, கீழே எழுத்தும் ஓடாது. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டதும் தெருக்காரர்களோடு உட்காருவோம். நைனா சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோருக்காகவும் தானே பேசுவார். கலத்தில் இருப்பவர்கள் தமிழ். போலீஸ், ஆபீசர் எல்லாம், எங்கள் ஊரில் போலவே, தெலுங்கு. சாக்ஸபோன் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுவார். அந்த நீல இருட்டையும், நாயகன் கோட்டுப் பையில் கையை விட்டு நடக்கும் நடையையும் வாய் பிளந்து பார்ப்பேன். அப்படியோர் அழகை நான் அதுவரை கண்டதில்லை.

ஜப்பானிய மொழி படித்தபின் ஒசாகாவில் தொடரை மறுபடி பார்த்தேன். நைனா சொன்னதில் ஒரு வரிகூடச் சரியில்லை. ஆனாலும் ஒரு காட்சியும் கெட்டுப்போயிருக்கவில்லை! பிரமித்துப்போனேன். எந்த ஊர்ப் பேச்சை ஊற்றினாலும் தாங்கும்படி அதை வரைந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அது பழசாகாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். நைனாவிடம் மட்டும் நான் எதையும் சொல்லவில்லை.

போன மாதம் கென்ஜியோடு ஊருக்குப் போனேன். என்னோடு வேலை செய்கிறவர். அவரைக் கட்டிக்கொள்ள நைனாவின் சம்மதம் வேண்டும். நைனா முகம் கொடுத்தே பேசவில்லை. ஒசாகாவில் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லாமல் வர மாட்டார். இங்கே தெருவே வந்து உட்கார்ந்துகொண்டு அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டது. பார்த்ததே இல்லை என்றார் கென்ஜி. சித்தூர்க்காரன் மாம்பழமே தின்றதில்லை என்றதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஜப்பான்காரரு இதப் பாக்கலியா? ஒக்காரச் சொல்லு," என்றார் நைனா.

கடைசிப் பகுதியைப் போட்டார். இந்த முறை சத்தத்தைக் குறைக்கவில்லை. கென்ஜி அசையாமல் பார்த்தார். நாயகன் கலத்தைவிட்டு இறங்கும் இடம் வந்தது. நைனாவின் கதையில் அவன், "சந்தைக்குப் போய்ட்டு வந்துடறேன், சோறு எடுத்து வைங்க," என்பான். நைனா அங்கே நிறுத்தினார்.

"இன்னா சொல்றான்னு தம்பியக் கேளு."

கென்ஜியிடம் கேட்டேன். இத்தனை வருடக் கதையும் பொய்யாகப் போகிறதே! கென்ஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இனிமே திரும்பி வரமாட்டேன்றான், நைனா."

"தெரியும் பாப்பா. அவன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? நீ அப்போ தேம்பிக்கினு இருந்த. அதான் மாத்திச் சொன்னேன்."

பிறகு கென்ஜியைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "நெஜத்தச் சொல்ற ஆளுதான். கூட்டிக்கினு போ தம்பி. இவ கெளம்பறப்ப 'போய்ட்டு வந்துடறேன்'னு சொன்னா நான் நம்பிக்கிறேன்."

என்ன சொன்னார் என்று கென்ஜி என் முகத்தைப் பார்த்தார். நைனாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் மொழியும் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். முதலில் நைனாவைப் பார்த்து, "போய்ட்டு வந்துடறேன், சோறு எடுத்து வைங்க," என்றேன்.