அயர்லாந்தில் யார் வண்டி ஓட்டுவது

இத்தாலியின் பலேர்மோ நகரில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமைப் பிற்பகல் சொந்தமானது. கடந்த வசந்தகாலத்தின் வியாழக்கிழமைகளை எல்லாம் நானும் என் தோழியும் பொலிதேயாமா நாடக அரங்குக்கு எதிரே ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து, அயர்லாந்துப் பயணத்தைத் திட்டமிடுவதில் செலவிட்டோம். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள்; அவள் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். வயதில் இளையவள் ஆகையால் என்னை அக்கா என்பாள். இந்நகரில் என்னை அப்படி அழைப்பவர் பலர். அவள் அழைத்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு மகிழ்ச்சி வந்துவிடும்.

அயர்லாந்து அவளுடைய பூட்டனின் நாடு. மன்னாருக்கு இருப்புப்பாதை போட வந்த வெள்ளையருள் ஒருவராக வந்து, அவ்வூரிலேயே மணம் முடித்து, அவ்வூரிலேயே இறந்தவர் அவர். அவர் விட்டுச்சென்ற சாம்பல்நிறக் கண்கள் என் தோழிக்கு வாய்த்திருக்கின்றன. பள்ளியில் அவளைப் பூனைக்கண்ணி என்று கேலி செய்தார்களாம். அந்தக் கண்களுக்கு இன்று ஒரு நாடும், ஓர் ஊரும், பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு கோயிலும் கிடைத்துவிட்டன. எனக்கோ, திதி கொடுக்கையில் ஐயர் கேட்கும் மூன்று தலைமுறைப் பெயர்களுக்கு அப்பால் எவரும் இல்லை. அவற்றுள் மூன்றாவது பெயர் எது என்பதிலும் என் அண்ணனுக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

பொறாமை அங்கேதான் தொடங்கியது. ஆனால் அதைத் தாங்கிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது: அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் வேலைசெய்யும் வீட்டு எசமானியான என் சின்யோராவின் காரில் அவரை மருத்துவரிடமும் கடைத்தெருவுக்கும் கொண்டுசெல்பவள். இத்தாலிய மொழியில் தேர்வெழுதி ஓட்டுரிமம் பெற்றவள். அதற்கு முன்பே ஊரில் தகப்பனாரின் வண்டியில் சாலையின் இடப்புறம் ஓட்டிப் பழகியவள். அயர்லாந்திலும் இடப்புறமே ஓட்ட வேண்டும் என்று அறிந்த நாளில், அந்த நாடு என்னையும் ஒரு வகையில் எதிர்பார்த்திருந்ததாக எனக்குத் தோன்றியது. பூட்டன் அவளுடையவராக இருக்கட்டும். அவரிடம் அவளைக் கொண்டுசேர்ப்பவள் நான்.

“அக்கா, கோல்வேயிலை இருந்து பூட்டன்ரை ஊருக்கு நேர் றோட்டு இருக்கு” என்பாள், கைபேசியின் வரைபடத்தை விரலால் பெருப்பித்தபடி.

“நேர் றோட்டாலை போறதுக்கு ஏன் அயர்லாந்து? கடற்கரையாலை சுத்திப் போவம். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல்.”

“பூட்டன்ரை ஆக்கள் சவக்காலையிலை காத்துக்கொண்டிருக்கினம்.”

“நூறு வருசம் காத்தவை, இன்னும் ஒரு பின்னேரம் காக்கட்டும்.”

இவ்வாறு அவளுக்கு மூதாதையரும் எனக்குக் காட்சிகளுமாக நாங்கள் அந்நாட்டைப் பங்கிட்டுக்கொண்டோம். பங்கீட்டில் எனக்குக் குறையிருப்பதாகத் தோன்றவில்லை, அயர்லாந்திலிருந்து ஒரு பெண் கைபேசி வழியாக வந்து சேரும்வரை.

தோழியின் மகன் பிறந்தநாள் பரிசாக ஒரு மரபணுச் சோதனையை வாங்கிக் கொடுத்திருந்தான். சிறு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், உலகில் யார் யார் நம் இரத்த உறவு என்று சொல்வார்களாம். அதன் பயனாக ஒரு வியாழக்கிழமை அவள் கைபேசியை என் முன் நீட்டினாள். நரைத்த குட்டைமுடியும் மழைச்சட்டையுமாக ஒருத்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். புருவம் அப்படியே என் தோழியின் புருவம்.

“என்ரை அக்கா” என்றாள் தோழி. “பூட்டன்ரை தமையன்ரை வழி. முறைக்கு அக்காதான்.”

“உன்னோடை தமிழிலை கதைப்பாவோ, அந்த அக்கா?”

“சிரிப்பா. அது காணும்.”

அதன்பின் என் பாதைகள் எல்லாம் அங்கே அனுப்பப்பட்டுத் திருத்தம் பெற்றுத் திரும்பின. இந்தச் சாலை மிகவும் ஒடுக்கம் என்று அந்த அக்கா சொன்னாராம்; அந்த மலைப்பக்கம் மூடுபனி என்று சொன்னாராம். இரண்டு அக்காமாரும் ஒரே காரில் இருக்கும்போது அவள் கூப்பிட்டால் யார் திரும்புவது என்று கேட்டேன். அவள் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தாள்.

விமானச்சீட்டு வாங்க ஸ்தாசியோனே சென்ட்ராலே இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு முகவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் நம்மவர். எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கியவர் ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் வைத்தார். வலப்பக்கத்தது என் தோழியின் இத்தாலியக் கடவுச்சீட்டு. சென்ற ஆண்டுதான் அவளுக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. இடப்பக்கத்தது என் இலங்கைக் கடவுச்சீட்டு.

“அக்கா, உங்களிட்டை அயர்லாந்து விசா இருக்கோ?”

“பெர்மெஸ்ஸோ இருக்கு.”

“பெர்மெஸ்ஸோ அங்கை செல்லாது. அயர்லாந்து ஷெங்கன் நாடு இல்லை.”

இந்த வதிவிட அனுமதி அட்டையோடு நான் பாரிசுக்குத் திருமணத்துக்கும் ஜெர்மனிக்கு ஒரு பெண் பூப்பெய்திய சாமத்தியச் சடங்குக்கும் போய்வந்திருக்கிறேன். கல்யாணமும் செத்தவீடும் எங்களைக் கொண்டுசென்ற இடங்களே எங்களுக்கு ஐரோப்பா. அயர்லாந்தில் எங்களுக்குக் கல்யாணம் எதுவும் நடந்ததில்லை. ஆகவே அந்நாடு, ஒரே அனுமதியில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் வேலிக்கு வெளியே இருக்கிறது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விசா விண்ணப்பத்தை உரோமாபுரியிலுள்ள அயர்லாந்துத் தூதரகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். எங்கள் சின்யோராக்கள் கடற்கரை வீடுகளுக்குச் செல்லும் ஆகஸ்டு மாதமே எங்களுக்கு விடுமுறை. அதற்குள் கிடைப்பது ஐயம்.

வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்தாள். “நீங்கள் வராட்டி நானும் போகேல்லை.”

அயர்லாந்தின் மலையும் கடலும் சேர்ந்து தந்திருக்கக்கூடிய மகிழ்ச்சியைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒன்றை அந்தச் சொற்கள் எனக்குத் தந்தன. அடுத்த வியாழன்வரை அது நிலைத்தது.

“அக்கா, அங்கத்தை அக்காவின்ரை தகப்பனுக்கு வயது போட்டுது” என்று தரையைப் பார்த்தபடி தொடங்கினாள். “பழைய கதை எல்லாம் அவருக்குத்தான் தெரியுமாம். அடுத்த வருசம் இருப்பாரோ தெரியாது.”

“ஆர் கார் ஓடுறது?” முதலில் கேட்கத் தோன்றியது அதுவே.

“அவ ஓடுறாவாம்.”

போகாதே என்று சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அதை நான் அறிவேன், அவளும் அறிவாள். எதிரே பேருந்துகள் வந்துநின்று போய்க்கொண்டிருந்தன. ஒரு கிழவர் தம் கதைகளைத் தம்மோடு கொண்டுபோய்விட, அதற்குக் காரணமானவளாக இவள் பக்கத்தில் நான் ஒவ்வொரு வியாழனும் அமர்ந்திருக்க இயலாது.

“போ. பூட்டன்ரை ஊர், கோயில், சவக்காலை எல்லாம் அவவோடை பார். அது உங்கடை ஆக்கள். கடற்கரை றோட்டுக்கு மட்டும் போகாதை. அதை எனக்கு விட்டுவை.”

“அவ கூட்டிக்கொண்டு போனா?”

“கண்ணை மூடிக்கொண்டு இரு.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினாள். “ஓம் அக்கா” என்றாள்.

ஆகஸ்டில் நகரம் வெறிச்சோடியது, அவள் போய்விட்டாள். நான் விண்ணப்பத்துக்குரிய தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். படங்கள் வந்தவண்ணம் இருந்தன: கோயிற் கதவு, பாசி படர்ந்த கல்லறைகள், நாற்காலியில் போர்வையோடு ஒரு முதியவர். ஒவ்வொன்றிலும் முதலில் ஓரங்களையே பார்த்தேன். ஒரு படத்தில், கோயிற் சுவருக்குப் பின்னே, மெல்லிய சாம்பல்நிற நீர்க்கோடு தெரிந்தது.

“இது கடலோ?” என்று எழுதினேன்.

“ஏரி அக்கா. கோயிலுக்குப் பின்னாலை ஏரி.”

வரைபடத்தைத் திறந்து, அவ்வூரைத் தேடி, கோயிலைக் கண்டுபிடித்தேன். அதன் பின்னே ஏரி இருந்தது. அதற்குப் பிறகே அப்படத்தில் தோழி நிற்பதைச் சரியாகப் பார்த்தேன். அழுதுமுடித்த முகம். அவள் தலைக்குமேல் எவரோ குடை பிடித்திருந்தார். பிடித்த கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

சற்று நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. “அடுத்த வருசம் நாங்கள் வரேக்கை இங்கத்தை அக்கா தன்ரை காரைத் தாறாவாம். நீங்கள் ஓடலாமாம்.”

“வேண்டாம்” என்று எழுதினேன். “நாங்கள் வாடகைக்கு எடுப்பம்.”