பாதி வசனத்தில் கட்டிய வீடு

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் பனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. முடிச்சூரில் அப்போது வீடுகளைவிட வயல்தான் அதிகம். மார்கழி, தை மாதக் காலைகளில் ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கி வந்து மனைக் கற்களை மூடிவிடும். எது எங்கள் மனை, எது பக்கத்து மனை என்றே தெரியாது. அப்பா குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நின்று, "இதுதான் ஹால்" என்பார். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, "இல்லங்க, அது கிச்சன்" என்பாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். தாம்பரத்தில் வாடகை வீடு மாற்றி மாற்றி அலுத்துப்போன எங்கள் மூன்று பேருக்கும், அந்தப் பனிக்குள் ஒரு வீடு ஏற்கெனவே நிற்பது போலத்தான் இருந்தது.

அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, சொந்த வீட்டில் குடியிருப்பது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் போய் நின்றவள் அவள். அந்த ஆசை நடக்கும் என்று அவளை நம்பவைத்தது ஒரு வாக்குத்தத்த அட்டை.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். அதில் வேத வசனம் எழுதிய சிறு அட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும். கண்ணை மூடி, ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்ததுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. நோய் தீரும், கதவு திறக்கும், மழை பெய்யும் என்று எல்லாமே நல்ல செய்திதான். யாருக்கும் திட்டு விழாது. வேதத்தில் வரும் தீர்க்கதரிசிகள் வாயைத் திறந்தாலே பாதி திட்டுதான் என்பது வேறு விஷயம்.

அட்டைகளை எழுதுபவர் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அக்கா. தங்கமான மனுஷி, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். வேதத்தைப் புரட்டி வீடு, தோட்டம், தானியம் என்று நல்ல வார்த்தை கண்ணில் படும் இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்வார். வசனம் நீளமாக இருந்தால் நல்ல பகுதியை மட்டும் எழுதிவிட்டு, மீதிக்கு அட்டையில் இடமில்லை என்று விட்டுவிடுவார். அம்மாவுக்கு வந்த அட்டையில் கல்லால் வீடு கட்டியதும் திராட்சத்தோட்டம் நட்டதுமாக இரண்டே வரி. கீழே ஓரத்தில் அதிகாரமும் வசன எண்ணும்.

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். "பாத்தீங்களா, வீடுன்னே வந்திருக்கு."

"திராட்சத்தோட்டமும்ல சேர்ந்து வந்திருக்கு. அந்த மண்ணுல கத்திரிக்கா காய்ச்சாலே போதும்," என்றார் அப்பா.

அட்டை முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் சொருகப்பட்டது. முழு வசனத்தையும் வேதத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வாக்குத்தத்தத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. பரிசாக வந்த புடவையின் விலையை யாராவது கேட்பார்களா?

வீடு எழும்பியது. எங்கள் மனையின் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. வயலை மனையாகப் பிரிப்பதற்கு முன்பிருந்தே இருந்த பாதை. பின்னாலிருந்த குடிசைகளின் பெண்கள் அந்த வழியாகத்தான் ரோட்டோரத்து அடிபம்புக்கு வந்து தண்ணீர் எடுத்துப் போவார்கள். பனிக்காலத்தில் ஆட்கள் தெரியமாட்டார்கள். பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்து போகும், பேச்சும் சிரிப்பும் எங்கிருந்தோ கேட்கும். நான் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி மனசு நிறைந்து உட்கார்ந்த காலைகள் எனக்குப் பிற்பாடு அதிகம் வாய்க்கவில்லை.

சுற்றுச்சுவர் முன்னும் பின்னும் எழும்பியதும் அந்த வழி அடைபட்டது. அவர்களில் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நேராக அம்மாவிடமே வந்தாள்.

"இன்னாக்கா, வழிய அடைச்சிட்டா நாங்க எப்டி போறது? ஏரிக்கரைய சுத்திகினு வரணும். குடத்த தூக்கிகினு முடியுமா?"

"பத்திரத்துல வழின்னு ஒண்ணும் போடலையேம்மா," என்றாள் அம்மா.

"பத்திரம் நேத்து வந்துச்சு. நாங்க எப்பலேந்து நடந்துகினு கீறோம்."

அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டில் ஒடுங்கி இருந்தவளுக்கு, தன் எல்லை என்று ஒன்று கிடைத்ததும் பிடிவாதம் வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். "நீ படிக்கிற வேலையப் பாரு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குடிபோகும் முன்பு வீட்டைப் பிரதிஷ்டை பண்ணுவது எங்கள் வழக்கம். வாசலில் பந்தல், சபையார் எல்லோரும் புதுத்துணியில். சுவருக்கு அந்தப்பக்கம் குடிசைப் பெண்களும் குழந்தைகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். போதகர், "உங்க வாக்குத்தத்தத்த நீங்களே வாசிங்கம்மா" என்றார். அம்மா பெருமையாக வேதத்தைத் திறந்து அந்த வசனத்தைத் தேடி எடுத்து, நல்ல சத்தமாக ஆரம்பித்தாள்.

அந்த வசனம் வீட்டில் ஆரம்பிக்கவில்லை. ஏழையை மிதித்ததில் ஆரம்பித்தது. அவன் கையிலிருந்த தானியத்தைப் பிடுங்கிக்கொண்டதற்குப் பிறகுதான் கல்வீடு வந்தது. வந்த கையோடு, அதில் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை என்றும் வந்தது. தோட்டத்துக்கும் அதே கதிதான். அம்மாவின் குரல் நடுவில் ஒருமுறை நின்றது. மூடிவைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கடைசி வார்த்தைவரை வாசித்தாள். தீர்ப்பு என்றால் வானத்திலிருந்து இடி விழும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது அம்மாவின் சொந்தக் குரலிலேயே வந்தது.

செயலாளர் அக்கா அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். கூடப் பாட ஆளில்லாமல் இரண்டாவது அடியிலேயே அது நின்றுபோனது. போதகர் ஜெபம் செய்தார். சாப்பாடு பரிமாறினார்கள். யாரும் உப்பு, காரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அந்த வசனத்தைச் சொன்ன தீர்க்கதரிசியின் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். அவன் மாடு மேய்த்தவன். உங்கள் பாட்டும் பண்டிகையும் ஆண்டவருக்கு வேண்டாம், நியாயம் நடந்தால் போதும் என்று பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே சொன்னவன். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. தூரத்தில் மின்சார ரயிலின் சத்தம் வந்து வந்து போனது. நானும் அப்பாவும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள்.

"புஸ்தகத்தோட கடைசில அதே வீடு திரும்ப வருதுங்க. தோட்டமும் வருது. இந்தத் தடவை குடியிருப்பாங்களாம்."

"அப்புறம் என்ன? சந்தோஷப்படு," என்றார் அப்பா.

"நடுவுல இருக்கறதத் தாண்டிக் குதிச்சு அங்க போக முடியாதே. கொத்தனார வரச்சொல்லுங்க. சுவத்தத் தொறக்காம நான் இங்க படுக்க மாட்டேன்."

மறுநாளே இரண்டு பக்கமும் சுவரை இடித்து வழி விட்டாயிற்று. அப்பா விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கத்தில் ஓர் இரும்பு கேட்டை மாட்டச்சொல்லியிருந்தார். அதற்கடுத்த நாள் காலை கொத்தனார் பூச்சு வேலைக்கு வந்தபோது பனி இன்னும் கலையவில்லை. முதலில் ஒரு பச்சைக் குடம் தெரிந்தது, பிறகு அன்றைக்கு வழி கேட்டு வந்த அந்தப் பெண். அம்மா சிரித்த முகத்தோடு நின்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண் கேட்டைத் தொட்டுப் பார்த்தாள். பூட்டு தொங்கும் கொண்டியைப் பார்த்தாள்.

"நாளிக்கும் தொறந்து இருக்குமாக்கா? இல்ல, இன்னிக்கு மட்டுந்தானா?"

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. வேதத்தில் வாசித்ததைவிட இதுதான் அவளை அதிகம் சுட்டது என்று எனக்குத் தெரிந்தது. கொத்தனாரிடம் திரும்பினாள்.

"அந்த கேட்டக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

கேட் கழன்று வருவதைப் பார்க்க அந்தப் பெண் நிற்கவில்லை. பம்பில் கூட்டம் சேர்வதற்குள் அவள் குடத்தை வைத்தாக வேண்டும். அன்று ராத்திரிதான் அம்மா தன் வீட்டில் முதல்முறையாகப் பாய் விரித்துப் படுத்தாள்.