ரோலர் தள்ளிய ட்ரை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரோலர் என்று பெயர். ஈரப் படுக்கை விரிப்புகள் நிறைந்த தள்ளுவண்டியைச் சாய்தளத்தில் ஏற்ற மற்றவர்கள் இரண்டு பேர் சேருவார்கள். அவள் குனிந்து தோளைக் கொடுத்து ஒற்றை ஆளாக ஏற்றிவிடுவாள். ரொட்டி வண்டி ஓட்டுகிற ஓர் அம்மாள் அதை ஒருநாள் பார்த்துவிட்டார். மாலையில் பெண்கள் ரக்பி அணிக்கு அவர்தான் பயிற்சியாளர்.

"எங்ககிட்ட வர்றியாம்மா? இதே வேலைதான். வண்டிக்குப் பதிலா எதிர்ல எட்டு பேரு."

"அவங்களும் தள்ளுவாங்களா?"

"பின்னே? நின்னு வேடிக்கையா பார்ப்பாங்க?"

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் "கொஞ்சம் கொறைச்சு சாப்பிடு" என்று கேட்டு வளர்ந்தவள். பயிற்சியாளர் உடம்பில் ஆறு கிலோ ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். தையல் வேலை செய்யும் அவள் அம்மா, மகளின் சட்டைகளைப் பிரித்து அகலமாகத் தைத்தபடி, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, எத்தனை வருஷம் பாதி வயித்தோட எழுந்திருச்ச" என்றாள்.

இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து, தலையோடு தலை நுழைத்துத் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசை ஓரத்தில் முட்டுக் கொடுப்பவள் ப்ராப். ரோலர் ப்ராப் ஆனாள். மூன்றே வருடத்தில் நாட்டு அணிக்கும் போனாள். தலையை உள்ளே விட்டபின் அங்கே தெரிவது புல்லும் எதிராளியின் காதும் மட்டுமே. முதல் சர்வதேச ஆட்டத்தில் விசில் கேட்டதும் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தாள். குதித்து முடித்த பிறகுதான் தவறு தன்னுடையது என்று தெரிந்தது.

"எந்த நாட்டுக்கு வேணா போ. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு மெஷின் பக்கத்துல நிக்கணும்" என்பார் சலவைக்கூட மேற்பார்வையாளர். நிற்பாள், காது வீங்கியிருந்தாலும். அவள் பெரிய ஆட்டக்காரியா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வேகம் கிடையாது, பந்தைப் பிடிப்பதும் சுமார்தான். ஆனால் பன்னிரண்டு வருடங்களில், நாற்பது ஆட்டங்களில், அவள் பக்கம் ஸ்க்ரம் பின்வாங்கியது மிக அரிது.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை. அழுத்தியவள் பெயர் பதிவேட்டில் ஏறும். ரோலரின் பெயர் ஒருமுறைகூட ஏறவில்லை. தன் உழைப்பெல்லாம் இன்னொருத்தியின் ஓட்டமாகவே வெளியே தெரிவதில் அவளுக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ஒரே ஒரு ட்ரை வேண்டும் என்று ஆசை இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்கு இருந்தது.

ஒருமுறை கிட்டே போனாள். பந்து கையில், முன்னால் யாருமில்லை, கோடு இரண்டடியில். சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பந்து நழுவிவிட்டது. அந்தக் காட்சியைத் தம்பி கைபேசியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஓட்டிக் காட்டினான். "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க, போச்சு!"

நாற்பத்தொன்றாவது ஆட்டத்தோடு விடைபெறுவதாக அவள் அறிவித்திருந்தாள். அந்த ஆட்டத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நேரம் முடியப்போகும்போது எதிரணி தவறு செய்ய, கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் பந்து இவர்களுக்குக் கிடைத்தது. ட்ரைக்கு ஐந்து புள்ளி, ஒன்று விழுந்தால் வெற்றி. அவளைவிட எட்டு வயது இளையவளான கேப்டன் ஓடிவந்தாள்.

"அக்கா, ஸ்க்ரம் வேணாம். பந்தைக் காலால தட்டி எடுத்துக்கிட்டு நீங்களே போங்க. பின்னாடி நாங்க தள்ளுறோம். கடைசி ஆட்டம், உங்க பேரு ஏறட்டும்."

ரோலர் கோட்டைப் பார்த்தாள். ஐந்து மீட்டர். பிறகு எதிரணி ப்ராப்பைப் பார்த்தாள். கடந்த இரண்டு ஸ்க்ரமிலும் தன் சட்டையைப் பிடித்த அந்தக் கை நடுங்கியதை அவள் மட்டுமே அறிவாள்.

"நான் ஓடினா பாதியில சாச்சிடுவாங்கடி. ஸ்க்ரம் கேளு."

"நெஜமாவா?"

"நான் மனசு மாறுறதுக்குள்ள கேட்டுத் தொலை."

கேட்டார்கள். பதினாறு பேர் முட்டிக்கொண்டார்கள். ரோலர் முதுகை நேராக்கி, அங்குலம் அங்குலமாகக் காலை நகர்த்தினாள். எதிரணி ஒரு மீட்டர் பின்வாங்கியது, இரண்டு, மூன்று. கோட்டுக்கு அருகில் அந்த ப்ராப் தாங்க முடியாமல் ஸ்க்ரமைத் தரையோடு இழுத்துப் போட்டாள். விசில். நடுவர் கோல் கம்பங்களுக்கு நடுவே ஓடிப்போய்க் கையைத் தூக்கினார். வேண்டுமென்றே சரித்ததற்குத் தண்டனையாக பெனால்டி ட்ரை. ஏழு புள்ளி, வெற்றி. ஆனால் அந்த வகை ட்ரைக்குப் பதிவேட்டில் யார் பெயரும் எழுதுவதில்லை.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது ரக்பி வழக்கம். தட்டு பாதி காலியானபோது தம்பி போனில் அழைத்தான்.

"அக்கா, ஜெயிச்சாச்சு சரி. பேரு?"

"இல்லடா."

"நீயே ஓடியிருக்கலாம்ல?"

"ஓடியிருந்தா உனக்கு இன்னொரு வீடியோ கெடைச்சிருக்கும்."

போனை அம்மா பிடுங்கிக்கொண்டாள். "கீழ விழுந்துச்சே ஒரு பொண்ணு, அதுக்கு அடி கிடி படலையே?"

"பக்கத்துலதாம்மா உக்காந்திருக்கா. ரெண்டாவது தட்டு ஓடுது."

வேறு நாட்டுக்காரியானாலும் தமிழ் பேசும் அந்த ப்ராப் நிமிர்ந்தாள். "யாரு, அம்மாவா? நான் ஒண்ணும் தோக்கலன்னு சொல்லுங்க. கால் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்."

"வழுக்கல" என்றாள் ரோலர், குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தியபடி. "வழுக்க வெச்சேன். ஊத்திக்க, ஆறிடப் போகுது."