இரண்டு தரம் ஊற்றிய சீனிப்பாகு

கிளாசில் நுரை ஏறிய வேகத்தைக் கண்டதும் நான் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தேன். முதலாளி போத்தலைச் சரித்து, அடியில் படிந்திருந்த மண்டி கலங்காதபடி மெதுவாகத்தான் ஊற்றினார். அப்படியும் நுரை பொங்கி அவருடைய மணிக்கட்டை நனைத்தது. அறை கொஞ்சம் அதிகமாகச் சூடாகிவிட்டது போல என்று சிரித்தபடி கிளாசை என்னிடம் நீட்டினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் மூன்றே பேர் வேலை செய்த சிறிய பியர் வடிசாலை அது. முதலாளி வெள்ளைக்காரர்; வடிப்பது அவர். போத்தலில் அடைப்பது நான். மட்டக்களப்பில் இருந்து வந்த அக்கா ஒருவர் லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார். குளிர்காலத்துக்கென்று முதலாளி ஏல் என்கிற கடுமையான பியர் ஒன்று செய்வார். போத்தலில் அடைக்கும்போது அதில் அளவாகச் சீனிப்பாகு சேர்க்கவேண்டும். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று வாயுவை உண்டாக்க, சூடான அறையில் சில கிழமைகளில் ஏல் போத்தலுக்குள்ளேயே பக்குவப்படும். சீனி கூடினால் வாயுவும் கூடும், கண்ணாடி தாங்காது.

பாகு ஊற்றுகிற நேரத்தில்தான் எனக்கு வக்கீலிடமிருந்து தொலைபேசி வந்தது. என் அகதி வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறதாம். திரும்பி வந்து பாகுப் பாத்திரத்தைக் கையில் எடுத்தேன். ஊற்றிவிட்டேனா, இனித்தானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஊற்றினேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

கிளாசை மூக்கருகே கொண்டுபோனேன். முந்திரிகை வத்தல், கருக்கிய சீனி, எங்கோ ஒரு ஆரஞ்சுத் தோல். வாயில் முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, விழுங்கியதும் நெஞ்சுவரை இறங்கிய சூடு. அருமையான ஏல். ஆனால் அடைத்து இரண்டு கிழமையில் வாயு மந்தமாக இருக்கவேண்டியது, நாக்கை ஊசியாகக் குத்தியது. இரண்டு தரம் ஊற்றியிருக்கிறேன் என்று அந்த ஒரு வாயிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எப்படி என்று முதலாளி கேட்டார். வேலை போனால் வழக்கும் போய்விடும் என்ற பயம் எனக்கு. நல்லாயிருக்கு என்றேன்.

மறுநாள் காலை அக்கா பெட்டி எடுக்கச் சூட்டறைக்குள் போனார். மறிக்கவேண்டும் என்று கதவடிவரை போனேன், மறிக்கவில்லை. அவர் உள்ளே போய் ஒரு நிமிடம் இருக்காது, முதல் போத்தல் வெடித்தது. அதன் கண்ணாடி பட்டு அடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை. நான் கதவடியிலேயே நின்றேன்.

"தம்பி, உள்ள வராதீங்க!" என்று அக்கா கத்தினார்.

அதைக் கேட்ட பிறகுதான் என் கால் அசைந்தது. குளிர் ஜாக்கெட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடி, அவரை இழுத்து வந்தேன். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்திருந்தது. அம்புலன்ஸ் அவரை ஏற்றிப் போனதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றுக் குடித்தபோதே தெரியுமா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. லொறிக்கான பெரிய கதவைத் திறந்து குளிரை உள்ளே விட்டார். குளிரில் ஈஸ்ட் அடங்கி வெடிப்பு நிற்கும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

தையல் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அக்காவிடமும் சொன்னேன்.

"சீனி கூடினது பெரிய பிழையில்ல, தம்பி. தெரிஞ்சும் என்னை உள்ள போக விட்டீங்களே."

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வழக்கிலும் வென்றேன். அந்தச் செய்தியை அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த குளிர்காலத்து ஏலை முதலாளி ஊற்றியபோது அக்கா கையிலிருந்த லேபிள்களை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கிளாசைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். ஒரு வாய் குடித்தேன்.

"உள்ள போகலாமா, தம்பி?"

இன்னொரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து விழுங்கினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா," என்றேன். "முதல்ல நான் போறன்."