கழற்றி மாட்டிய வீடு

எங்கள் வீட்டைக் கழற்றி எடுத்துப் போகலாம். மரச்சட்டங்களை நட்டு போல்ட்டால் இணைத்து, தகரங்களை அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டால் எண் போட்டிருந்தார் அப்பா. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்த பிறகு, மஞ்சூர்ப் பக்கத்திலேயே அதை இரண்டு முறை இடம் மாற்றியிருந்தோம். சொந்த நிலம் இல்லாதவனுக்கு இதுதான் வசதி என்று அவர் பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை மாற்றியபோது நான் நாலாம் வகுப்பு. ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் வீட்டுக்குப் பின்னால் சரிவு வெடித்தது. முதல் நாள் என் விரல் நுழைந்த வெடிப்பில் மறுநாள் கால் நுழைந்தது. கீழே சாலையோரத்தில் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. அன்றைக்கே அங்கே போய்விட அப்பா முடிவு செய்தார்.

உள்ளே அத்தை படுத்திருந்தாள். அப்பாவின் அக்கா; தாயில்லாத தம்பியை இலங்கையிலிருந்து இடுப்பில் சுமந்து வந்து வளர்த்தவள். இரண்டு மாதமாக மூச்சுத் திணறல். அவள் நனையக் கூடாது என்று சுவர்களை முதலில் கழற்றினார்கள். நாலு கம்பத்தின் மேல் கூரை மட்டும் நிற்க, அடியில் கட்டிலில் அவள். பனி உள்ளே வந்து போனது.

"ஊடு பெருசாயிருச்சு பாத்தியா," என்றாள் என்னிடம்.

பிறகு கட்டிலோடு நான்கு பேர் தூக்கினார்கள். அவள் முகத்துக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நான் கூடவே நடந்தேன். பாதி வழியில் அம்மா போர்வைக்குள் கைவிட்டு அத்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை.

"அத்தை தூங்குது. குடையச் சாய்க்காத பாப்பா," என்றாள் அம்மா.

கீழே சாலையோரத்தில் கட்டிலை இறக்கியதும் பக்கத்து வீட்டு மாமா அப்பாவிடம் தாழ்ந்த குரலில், "ஏனுங்க, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி உட்றலாமுங்களா?" என்றார்.

"மொதல்ல கூரை ஏறட்டுங்க."

அப்பா அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. எண் பார்க்காமல் கைக்கு வந்த தகரத்தை மாட்டினார். விரல் கிழிந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. பசிக்கிறது, அடுப்பு மூட்டு என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. கடைசியாகக் கதவை மாட்டிய பிறகுதான் கட்டிலை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அப்போதுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் அத்தையைத் தூக்கிப் போனார்கள்.

மழைக்குப் பயந்துதான் அப்பா அப்படி அவசரப்பட்டார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தன் அக்காவின் உடல் தெருவில் கிடந்து போகக் கூடாது, அவள் கடைசியாகப் புறப்பட ஒரு வாசல் வேண்டும் என்று அவர் கட்டினார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.