மதலேன் அக்காவின் குரல்

சனிக்கிழமை காலை, சென்னையிலிருந்து பாண்டிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு மரச்சாலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மதலேன் அக்காவின் தங்கை. "அக்கா பூட்டாங்க தம்பி" என்றார். குடும்பத்துப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்க" என்றார். எங்கே கிளம்புவது என்று ஒரு கணம் புரியவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் இத்தனை ஆண்டுகளாக நான் வந்த இடமே அந்தச் சாலைதான்.

அவரோடு வழிகாட்டிகளாக வேலை செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊரைக் காட்டும் வழிகாட்டி அவர். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதையே செய்பவன். தூங்குமூஞ்சி மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்கும் அந்தச் சாலையில், அவர் வருவது ஆள் தெரியுமுன்பே காதுக்குத் தெரிந்துவிடும். வண்டிகளை மெல்லப் போகச் சொல்லி "தூஸ்மான், தூஸ்மான்!" என்று அதட்டுவார். பிரெஞ்சு அறியாத ஆட்டோக்காரரும் பிரேக்கை மிதிப்பார். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் சட்டையில் காக்கை எச்சமிட்டுவிட்டது. அவர் முகம் சுளிக்க, அக்கா என் பக்கம் திரும்பி, "வரி கட்டிட்டாரு, இனிமே இவரும் பாண்டிக்காரருதான்" என்றார். பிறகு அதையே பிரெஞ்சில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்.

தொண்டையில் புற்று என்று தெரிந்ததும் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அக்கா மறுத்தார். நாட்டு மருந்து, ஜெபம், யார் யாரோ சொன்ன கஷாயம் என்று அலைந்தார். அவருடைய கருவடிக்குப்பம் வீட்டில் நானும் தங்கையும் கெஞ்சினோம். "கொரல எடுத்துட்டு என்ன மட்டும் வச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?" என்று கத்தினார். இருவரும் அழுதோம். கடைசியில் எங்களுக்காகத்தான் ஒப்புக்கொண்டார். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள், அவர் பேச்சைப் பதிவு செய்யலாமென்று கைப்பேசியை எடுத்தேன். தட்டிவிட்டார். "பொணத்துக்குப் போட்டோ புடிக்கிற மாதிரி புடிக்காத."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்துத் துளையின் மேல் பருத்தித் துணி கட்டிக்கொண்டு மறுபடி சாலைக்கு வந்தார். யாரும் வேலை தரவில்லை. என் குழுவின் கடைசி ஆளாக நடந்து வருவார். வீட்டில் இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையில் கால் வைக்க இடமில்லை. மரங்கள் முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று ஓர் இளம்பெண் கைப்பேசியை உயர்த்தியபடி பின்னாலேயே நடந்து தார்ச்சாலையில் இறங்கிவிட்டாள். வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அக்கா மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் நடைபாதையில் விழுந்து முழங்கை சிராய்த்தது. வேன் போய்விட்டது. அதைக் கவனிக்காத அவள் கணவன், "பைத்தியமா நீ? எதுக்குத் தள்ளுன?" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

முன்னால் இருந்த நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வேன் போன திசையைக் காட்டினார். கழுத்திலிருந்து காற்று மட்டும் சீறியது. துணி நனைந்துபோயிற்று. சுற்றி நின்றவர்களில் சிலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அவருக்குப் பேச்சு வராது, வேன் வந்ததால்தான் தள்ளினார் என்று நான் சொன்னதும் அந்தக் கணவன் மன்னிப்புக் கேட்டான், அந்தப் பெண் அழுதாள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையை அடித்துக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்தேன். மறு கையால் அடித்தார்.

அதன்பின் அவர் சாலைக்கு வரவில்லை. நோய் திரும்பி வந்தது.

போன வாரம் பார்க்கப் போனேன். எழுதிக் காட்ட விரலில் பலமில்லை. என்னைக் கிட்டே இழுத்து உதடுகளை அசைத்தார். "புரியலக்கா, இன்னொரு வாட்டி" என்றேன். மறுபடி அசைத்தார். தங்கையும் குனிந்து பார்த்தார், பிடிபடவில்லை. மூன்றாவது முறை பாதியில் நிறுத்திவிட்டு, என் கன்னத்தைத் தட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வாக்கியம்தான். தனியாக இருக்கும்போது அவர் அசைத்தது போலவே என் உதடுகளை அசைத்துப் பார்க்கிறேன். தமிழா பிரெஞ்சா என்பதுகூட இன்னும் எனக்குத் தெரியவில்லை.